மூன்று முறை மூடிய கடை: சேலத்து மாவு வியாபாரி ஒருவரின் கணக்கு ஆய்வு

சேலத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இங்கே பதிவு செய்வது என்னிடம் கணக்குப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் அனுபவம். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று தெரியாமல் இருக்க, தொகைகளையும் சில இடங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். விகிதங்களை மாற்றவில்லை, ஏனென்றால் இதில் பாடமே விகிதங்களில்தான் இருக்கிறது.

பின்னணி

2021 கடைசியில் என்னிடம் வந்தபோது அந்தக் குடும்பத்தின் கணவருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மேற்பார்வை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் சொந்தமாக மூன்று தொழில் செய்து மூன்றையும் மூடியவர். இரண்டு குழந்தைகள். மனைவி பத்தாவது வரை படித்தவர். அம்மாப்பேட்டைப் பக்கம் வாடகை வீடு.

வந்தது அவராக இல்லை, மனைவி அனுப்பி வைத்திருந்தார். நாலாவதாக ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்று இவர் வீட்டில் பேச்செடுத்திருக்கிறார். "இன்னொரு தடவைக்கு நகை கிடையாதுங்க. இருக்கிறதே கொஞ்சம்தான். மொதல்ல அந்த மூணு கணக்கு நோட்டையும் யார்கிட்டயாவது காட்டுங்க. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச பிறகு பேசலாம்" என்று மனைவி சொல்லிவிட்டார். ஒரு துணிப்பையில் நோட்டுகள், பில் கட்டுகள், அடகு ரசீதுகள், பழைய பாஸ்புக் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு வந்தார்.

என் அனுபவத்தில் நொடித்துப்போன வியாபாரிகள் பலர் நோட்டுகளை எரித்துவிடுவார்கள், இல்லையென்றால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார்கள். பார்க்கப் பிடிக்காது. இவர் வீட்டில் அவை பரணில் கிடந்தன. எடுத்து வைத்தவர் மனைவி. அப்படி வைத்திருக்காவிட்டால் இந்த ஆய்வே கிடையாது.

அவர் சொன்ன காரணங்கள்

நோட்டைத் திறப்பதற்கு முன், ஒவ்வொரு தொழிலும் ஏன் போயிற்று என்று அவரையே சொல்லச் சொன்னேன். தயங்காமல் சொன்னார். இந்தக் கதையைப் பலரிடம் பலமுறை சொல்லிப் பழகியவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

முதலாவது சேலை வியாபாரம், 2012 முதல் 2015 வரை. இளம்பிள்ளையில் சேலை எடுத்து வெளி மாவட்டக் கடைகளுக்குப் போடுவது. "ரெண்டு பேரு ஏமாத்திட்டாங்க அண்ணா, அதுல போச்சு."

இரண்டாவது ஒரு மெஸ். 2016 நடுவில் தொடங்கி 2018 தொடக்கத்தில் மூடியது. "மொதல்ல நோட்டு செல்லாதுன்னாங்க, அப்புறம் ஜிஎஸ்டி வந்துச்சு. சின்னக் கடை எப்படித் தாங்கும்?"

மூன்றாவது இட்லி மாவு தயாரித்து மளிகைக் கடைகளுக்குச் சப்ளை செய்தது. 2019 மார்ச்சில் தொடங்கி 2020 டிசம்பரில் முடிந்தது. "கொரோனா."

இவை பொய் இல்லை. சேலைக்குப் பணம் தராமல் போனவர்கள் உண்டு. 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு சின்னச் சாப்பாட்டுக் கடைகள் பட்ட பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்று தடவையும் குற்றவாளி வெளியே இருந்தால், நாலாவது தடவைக்கு இவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, நல்ல காலத்துக்குக் காத்திருப்பதைத் தவிர. அதனால் காரணங்களை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, நோட்டுகளை எடுத்தோம்.

சேலை நோட்டு

மூன்றில் நன்றாக எழுதப்பட்ட நோட்டு இதுதான். இளம்பிள்ளையில் தறிக்காரர்களுக்கு ரொக்கமாகவோ, மிஞ்சிப்போனால் 15 நாளிலோ பணம் கொடுத்திருக்கிறார். விற்ற கடைகளில் வசூல் வர இரண்டு, மூன்று மாதம் ஆகியிருக்கிறது. தீபாவளிக்குப் போட்ட சரக்குக்குப் பொங்கல் கழித்துத்தான் பணம். தறிக்காரருக்கோ தீபாவளிக்கு முன்பே கூலி கொடுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த இரண்டரை மாதத்தை யார் தாங்கினார்கள் என்று பார்த்தால், மனைவியின் நகையும் ரூபாய்க்கு மூணு வட்டிக்கு வாங்கிய கைமாத்தும்தான். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். சேலையில் அவருக்கு நின்ற லாபம் அதைத் தாங்கக்கூடியது அல்ல.

பதினோரு கடைகளுக்குச் சரக்குப் போட்டிருக்கிறார். மூடும்போது வர வேண்டிய பாக்கி ஏறக்குறைய 3,80,000. அதில் 2,60,000 இரண்டே கடைகளுடையது. "ஏமாத்திய ரெண்டு பேர்" இவர்கள்தான். ஆனால் நோட்டில் தேதிவாரியாகப் பார்த்தால், அந்த இருவரும் 2013லேயே தாமதமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். பழைய பாக்கி நிற்கும்போதே அவர்களுக்குத்தான் அதிகமாகச் சரக்குப் போயிருக்கிறது. காரணம் கேட்டபோது, "அவங்கதான் பெரிய ஆர்டர் குடுப்பாங்க" என்றார். பணம் தரும் எண்ணம் இல்லாதவர் பேரம் பேசாமல் பெரிய ஆர்டர் கொடுப்பது ஜவுளித் தொழிலில் புதிய விஷயமில்லை.

ஒருவர் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பியிருக்கிறது. வங்கியிலிருந்து தகவல் வந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, அதற்கும் 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இவர் நோட்டீஸ் அனுப்பவில்லை. நேரில் போய்க் கேட்டிருக்கிறார், "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்று காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 30 நாள் ஓடிவிட்டது. சாதாரண வசூல் வழக்குக்கு மூன்று வருடம் காலக்கெடு உண்டு. நடுவில் அவர்களிடம் "இவ்வளவு பாக்கி" என்று எழுதி வாங்கியிருந்தால் அந்தக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கியிருக்கும். எதுவும் எழுதி வாங்கவில்லை. என்னிடம் வந்தபோது அந்தப் பாக்கி முழுக்கக் காலாவதி.

மெஸ் நோட்டு

இதில் எழுதியது குறைவு. ஆனால் ஒரு விஷயம் உடனே தெரிந்தது. நல்ல நாளில் விற்பனை 4,500 ரூபாய். வருடம் முழுக்க நல்ல நாளாகவே இருந்தாலும் 16 லட்சத்தை ஒட்டித்தான் வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 20 லட்சத்துக்குக் கீழே விற்பனை உள்ளவர் பதிவே செய்ய வேண்டியதில்லை. அதாவது ஜிஎஸ்டி இவர் கடையை நேராகத் தொடவே இல்லை. இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க" என்றார்.

பணமதிப்பு நீக்கம் நிஜமாகவே அடித்திருக்கிறது. அந்த நவம்பர், டிசம்பரில் ரொக்க விற்பனை பாதியாகக் குறைந்திருக்கிறது. சில்லறை இல்லை என்று பக்கத்து லேத் பட்டறைப் பையன்களுக்கு மாதக் கணக்கு திறந்திருக்கிறார். அன்றைக்கு அது சரியான முடிவுதான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிரச்சினை, 2017 நடுவில் சில்லறை தாராளமாக வந்த பிறகும் அந்தக் கணக்கை மூடாததில் இருக்கிறது. சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் கணக்கில் சாப்பிட்டார்கள். வேலை மாறி ஊருக்குப் போனவர்களின் பாக்கி அப்படியே நின்றது. அரிசிக் கடைக்கும் காய்கறிக்கும் தினமும் ரொக்கம் வேண்டும். அதற்குத் தண்டல் வாங்கியிருக்கிறார்.

தண்டல் கணக்கை அவர் அதுவரை போட்டுப் பார்த்ததே இல்லை. 10,000 என்று எழுதி கையில் 9,000 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே போகுது" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், அந்த 100 நாளில் சராசரியாக நம் கையில் இருப்பது 4,500 போலத்தான். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டி. வருடக் கணக்கில் 80 சதவீதத்தைத் தாண்டும். அப்படி ஒரே நேரத்தில் மூன்று தண்டல் ஓடியிருக்கிறது.

கடைக்குக் கொடுத்திருந்த ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸ் வாடகை பாக்கியில் கரைந்தது. மற்றபடி மெஸ்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சமையல் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மாவு நோட்டும் ஒரு காலண்டரும்

மூன்றாவது தொழிலின் நோட்டில் அரிசி, உளுந்து வாங்கியதும் கடை வாரியாக வசூலும் மட்டும் இருந்தன. அதிலிருந்து அடக்க விலை போட்டோம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் அன்றைக்கு வாங்கிய விலைப்படி, ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் 66 ரூபாய். ஆட்டினால் 2.8 கிலோ மாவு வருகிறது. கிலோவுக்கு 23 ரூபாய் 50 காசு. கவர், கரண்ட், வேலையாள், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் 29. கடைக்குப் போட்ட விலை 33. ஒரு கிலோ பாக்கெட்டுக்கு நாலு ரூபாய் நிற்கிறது.

இங்கேதான் ரிட்டர்ன் வருகிறது. விற்காமல் புளித்த பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார், அதற்கு அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார். ஒரு பாக்கெட் திரும்பினால் ஏழெட்டுப் பாக்கெட்டின் லாபம் போகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு திரும்பினால் லாபமே இல்லை. ஆக, இந்தத் தொழிலில் தினமும் பார்க்க வேண்டிய ஒரே எண் ரிட்டர்ன்தான். நோட்டில் அந்த எண் எங்கேயும் இல்லை. கடைச் சீட்டுகளில் இருந்தது, சீட்டுகள் போய்விட்டன.

அடுத்த முறை மனைவியும் கூட வந்தார். கையில் 2019, 2020 மாதக் காலண்டர்கள். திரும்பி வந்த பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொட்டியது அவர். கொட்டும்போதெல்லாம் மனசு கேட்காமல் அன்றைய கட்டத்தில் பென்சிலால் எண்ணிக்கையைக் குறித்து வைத்திருக்கிறார். கணவருக்கு இது தெரியாது. "சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். "நீங்க கேக்கலையே" என்றார் மனைவி. நான் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

காலண்டரையும் நோட்டையும் சேர்த்துப் பார்த்தபோது, 2019 கோடையில் ரிட்டர்ன் 15 சதவீதத்துக்கு மேல். சேலத்து வெயிலுக்கு மாவு சீக்கிரம் பொங்கிவிடும், அதோடு பல கடைக்காரர்கள் கரண்ட் மிச்சம் பிடிக்க ராத்திரி பிரிட்ஜை அணைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் குறைந்திருக்கிறது. ஆக முதல் வருடம் மொத்தமாகப் பார்த்தால் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை.

அடுத்து 2020 ஏப்ரலைப் புரட்டினோம். மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. மளிகைக் கடைகள் மதியம் ஒரு மணி வரை திறந்திருந்தன. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகராட்சியில் முழு ஊரடங்கு. அந்த மூன்று நாள் தவிர அவர் வண்டி ஓடியிருக்கிறது. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவர் தொழிலிலேயே மிக உயர்ந்த விற்பனை. அந்தக் கோடையில் ரிட்டர்ன் நாலு சதவீதம்கூட இல்லை. கடைக்காரர்கள் கையோடு பணம் கொடுத்திருக்கிறார்கள்.

கொரோனாவில் போயிற்று என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த தொழில், கொரோனாவில்தான் சம்பாதித்திருக்கிறது.

போனது எப்போது? ஜூன் கடைசியில், இந்த விற்பனை இப்படியே நிற்கும் என்று நம்பி சாய்த்து மாவெடுக்கும் டில்டிங் கிரைண்டர் இரண்டாவதாக ஒன்றும் பழைய சரக்கு ஆட்டோவும் வாங்கியிருக்கிறார். 20 கடை 42 கடை ஆயிற்று. அதே நேரத்தில் வேலை போனவர்கள் பலர் வீட்டிலேயே மாவு ஆட்டி விற்க வந்துவிட்டார்கள். தெருவுக்கு இரண்டு பேர். அவர் சரக்குப் போடும் லைனில் இருந்த கடைகளில் மூன்று பிராண்டு மாவு வந்தது. ரிட்டர்ன் செப்டம்பரில் 18 சதவீதம். "பில்லுக்குப் பில்", அதாவது அடுத்த சரக்கு வரும்போது முந்தைய பில்லுக்குப் பணம் என்று பேசிய கடைகள் இரண்டு பில், மூன்று பில் பின்தங்கின. கடைக்குச் சராசரி 1,100 ரூபாய் என்றாலும் 42 கடைக்கு 46,000. தினம் 120 கிலோ போடுகிறவருக்கு அது ஏறக்குறைய 12 நாள் விற்பனை, எப்போதும் மற்றவர் கல்லாவில்.

அந்த ஆகஸ்டில் தங்கம் விலை உச்சத்துக்குப் போனது. தங்க நகைக் கடனில் மதிப்பில் 75 சதவீதம் வரை என்று இருந்த வரம்பை, வங்கிகளுக்கு மட்டும் 2021 மார்ச் வரை 90 சதவீதமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. வீட்டில் இருந்த அதே நகைக்கு இவருக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. வாங்கி, கடைகளில் முடங்கிய பணத்தால் விழுந்த பள்ளத்தை நிரப்பினார். 2021 மார்ச்சில் தங்கம் விலை நன்றாக இறங்கியிருந்தது. நகையில் ஒரு பகுதி ஏலத்துக்குப் போயிற்று.

மூன்றையும் பக்கத்தில் வைத்தபோது

சேலை, சாப்பாடு, மாவு. தொழில் மூன்று, ஊர்க்காரணமும் மூன்று. உள்ளே ஓடியது ஒன்றுதான். வாங்குவது ரொக்கம், விற்பது கடன். நடுவில் இருக்கும் நாட்களுக்கு வட்டி கட்டியது இவர் குடும்பம். சேலையில் அது 75 நாள், மெஸ்ஸில் ஒரு மாதம், மாவில் 12 நாள். மூன்றாவது தொழிலில் இடைவெளி சுருங்கியிருக்கிறதே என்று கேட்கலாம். லாபமும் சேர்ந்து சுருங்கியிருந்தது.

இரண்டாவது விஷயம் எனக்கே புதிது. ஒவ்வொரு தொழிலிலும் பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் வாங்கிய முதல் மாதம் எது என்று தேடினேன். அந்த மாதமே நின்றிருந்தால் எவ்வளவு போயிருக்கும், அதற்குப் பிறகு எவ்வளவு போனது என்று பிரித்தோம். சேலையில் மொத்த நஷ்டம் 5,20,000. அதில் 2,40,000 அந்த மாதத்துக்குப் பின்னால் போனது. மெஸ்ஸில் 3,50,000இல் 1,60,000. மாவில் 6,00,000இல் 4,30,000. கூட்டினால் மொத்த நஷ்டத்தில் பாதிக்கு மேல், தொழில் முடிந்துவிட்டது என்று நோட்டே சொன்ன பிறகு போட்ட பணம். அவர் தொழில் தொடங்கி இழந்ததைவிட, மூட மறுத்து இழந்தது அதிகம்.

ஏன் மூடவில்லை என்று கேட்டேன். மாமனார் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதுதான் முதல் பதில். மூடினால் அன்றைக்கே கடன்காரர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்பது இரண்டாவது. இரண்டும் நியாயமான பயம்தான். நம் ஊரில் கடை மூடுவது சாவு வீடு மாதிரிதான் நடக்கிறது, வந்தவர்கள் எல்லாரும் காரணம் கேட்கிறார்கள்.

மூன்றாவதாக, மூன்று தொழிலிலும் சம்பளம் என்று எதுவும் எழுதப்படவில்லை. கல்லாவில் கை வைத்துத்தான் வீட்டுச் செலவு. மனைவி தினம் ஆறு மணி நேரம் மாவு வேலை பார்த்திருக்கிறார், அதற்கு ஒரு ரூபாய் கணக்கில்லை. அந்தக் கூலியைப் போட்டுப் பார்த்தால் நாலு ரூபாய் லாபம் என்பதே பொய்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஒரு வருடம் எதுவும் தொடங்குவதில்லை. ஆலைச் சம்பளத்தில் கைமாத்துக் கடன்களை அடைப்பது. ஒரு தனிநபர் கடனில் வங்கி பாதித் தொகைக்குச் "செட்டில்மென்ட்" பேசியது. அதை எடுத்தால், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்றே நிற்கும், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். முழுத் தொகையையும் தவணையில் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்குவது என்று தீர்மானித்தார்கள். அவர்கள் கையில் அப்போது பணம் இல்லை, நேரம் இருந்தது. அதனால் அது பொருந்தியது. எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, எந்தத் தொழில் என்பது. அவருக்கு ஆன்லைனில் சேலை விற்கும் ஆசை இருந்தது. மனைவி மாவு என்றார். நானும் மாவுப் பக்கம்தான் நின்றேன். மாவின் தரத்தில் யாரும் குறை சொன்னதில்லை, மெஷின் ஒன்று விற்காமல் மூலையில் கிடந்தது, எந்த அரிசி எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது இருவருக்கும் அத்துப்படி. கெட்டது விற்ற விதம் மட்டுமே. கடைகளுக்குப் போடாமல் வீட்டு வாசலிலேயே, பாத்திரம் கொண்டு வருபவருக்கு, ரொக்கத்துக்கு விற்றால் ரிட்டர்ன் என்ற சொல்லே இருக்காது. மாவு சப்ளையைச் சிறு தொழிலாகப் பதிவு செய்தால் 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு கிடைக்குமே என்று அவர் கேட்டார். ஆயிரத்து நூறு ரூபாய் பாக்கிக்கு 42 மளிகைக் கடைகள் மேல் மனு போடுகிறவர் அடுத்த நாள் எந்தக் கடைக்குள் நுழைய முடியும்? அந்தச் சட்டம் பெரிய கம்பெனிக்குச் சரக்குப் போடுபவருக்கு உதவும், தெருக்கடை லைனுக்கு உதவாது.

மூன்றாவது, எல்லைக்கோடு. சேமித்த 60,000 ரூபாய்தான் முதல். நகை கிடையாது, வெளிக்கடன் கிடையாது. பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் தேவைப்படும் நாள் வந்தால் அதுவே கடைசி நாள். இந்த வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மூடும் முடிவை எடுக்கும் உரிமை மனைவிக்கு என்று அவரே சேர்த்துக்கொண்டார். "என்னால முடியாது அண்ணா, அவ சொன்னா மூடிருவேன்."

இருவருக்கும் சேர்த்து மாதம் 18,000 சம்பளம் என்றும், கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, அதற்கே தனி க்யூஆர் அட்டை என்றும் வைத்தோம்.

அதன் பிறகு

2023 தொடக்கத்தில், ஆலை வேலையை விடாமல், மாலை நேரம் மட்டும் சில வாரம் விற்றுப் பார்த்தார்கள். தினம் 15 கிலோ போயிற்று. கிலோ 45 ரூபாய், அடக்கம் 31. கடைக்குப் போட்டபோது நின்ற நாலு ரூபாய் இப்போது 14. பழைய அளவில் எட்டில் ஒரு பங்குதான் ஆட்டினார்கள், ஆனால் தூக்கிக் கொட்டுவது இல்லை. மிஞ்சி லேசாகப் புளிக்கும் மாவைப் பணியாரமாக ஊற்றி விற்கலாம் என்பது மனைவியின் யோசனை. வெங்காயம், கடுகு தாளித்துப் போட்ட காரப் பணியாரம் பள்ளி விடும் நேரத்துக்கு நன்றாகப் போகத் தொடங்கியது.

அதே வருடம் அரிசி, உளுந்து இரண்டும் விலை ஏறியது. கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினார்கள். இரண்டு வாரம் கூட்டம் குறைந்து பிறகு திரும்பியது. முன்பு இதைச் செய்யவே முடியாது. விலை அச்சடித்த கவர் கட்டுக்கட்டாகக் கிடக்கும், 42 கடைக்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். விலையேற்றத்தைத் தானே விழுங்கிக்கொண்டிருந்ததும் பழைய நஷ்டத்தில் ஒரு பகுதி என்பது அப்போதுதான் உறைத்தது.

விதி மீறலும் நடந்தது. டீக்கடை வைத்திருக்கும் மச்சான் முறைக்காரர் தினம் மூன்று கிலோ கேட்டார், மாதக் கடைசியில் தருவதாக. மறுக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் 4,200 நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் அது வெளியே வந்தது, வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. கடைசியில் மனைவி ஒரு வழி சொன்னார். உறவுக்காரருக்குக் கொடுப்பதை மொய்ப் பக்கத்தில் எழுதுவது, மாதம் 500க்கு மேல் மொய் கிடையாது. 4,200ஐ அப்படியே மொய்யாக எழுதினார்கள். அதற்குப் பிறகு மச்சானுக்கு ரொக்கம்தான். அவரும் வந்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆலை வேலையை ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டுத்தான் விட்டார். இப்போது தினம் 45 கிலோ. சம்பளம் 18,000 போக மாதம் பத்தாயிரத்தை ஒட்டி மிஞ்சுகிறது. அது அப்படியே பழைய கடனுக்குப் போகிறது. தனிநபர் கடன் முடிந்து சான்று வாங்கிவிட்டார். நகைக்கடன் முடிந்தது. ஏலத்தில் போன நகை போனதுதான். மாமனார் பக்கத்துக் கைமாத்து ஒன்று இன்னும் பாதி நிற்கிறது. வெற்றிக் கதை என்று இதைச் சொல்ல முடியாது. பதினைந்து லட்சம் இழந்த ஒருவர் மாதம் பத்தாயிரம் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

மாற்ற வேண்டியவை

திட்டத்தில் விட்டுப்போனது மின்சாரம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது. சோதனைக்கு வந்தவர்கள் கிரைண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் இணைப்பை மாற்றினார்கள். கூடுதல் வைப்புத் தொகை, உயர்ந்த கட்டணம் இரண்டும் சேர்ந்து முதல் வருடத்தில் 60,000 ரூபாய் முதலீட்டில் ஒரு நல்ல பங்கைத் தின்றன. அடக்க விலையில் இதை ஆரம்பத்திலேயே சேர்த்திருந்தால் 45க்குப் பதில் 47இல் தொடங்கியிருப்பார்கள்.

எல்லைக்கோட்டைப் பணத்தால் மட்டும் போட்டது போதவில்லை என்பது மனைவியின் கருத்து. தொழிலில் இறங்கியதிலிருந்து அவருக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. முதுகுவலி தொடங்கியிருக்கிறது. முதல் பக்கத்து வரிக்குக் கீழே "வாரம் ஒரு நாள் விடுமுறை" என்று இந்த வருடம் சேர்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கடை இல்லை. விற்பனை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது, அதைச் சம்மதித்தே செய்கிறார்கள்.

இன்னொன்று நிலுவையில் இருக்கிறது. ஐந்து ரோட்டுப் பக்கம் ஓர் ஓட்டல்காரர் தினம் 30 கிலோ கேட்கிறார், பணம் மாதம் ஒரு முறை. கணவருக்கு ஆசை. 30 கிலோ, 30 நாள், கிலோ 42 என்று போட்டால் எப்போதும் 37,800 ரூபாய் வெளியே நிற்கும். அவர்கள் முதலீட்டில் பாதிக்கும் மேல். ஒரு மாதப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால் போடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டல்காரர் இதுவரை பதில் சொல்லவில்லை.